அமெரிக்க வாக்குச்சீட்டில் ஒரு சிட்டிகை திருநீறு

எனக்குக் கோபம் கெதியாக வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க நான் கோபப்பட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன். என் கணவர் மேல், இரண்டு பொலிஸ்காரர் மேல், கீழ் வீட்டு மனிதர் மேல், பிள்ளையார் மேல். ஆனால் கூடுதலான கோபம், நாலு வருடங்களுக்கு முன் இதே உடம்பில் குடியிருந்த ரஞ்சிதமலர் கணபதிப்பிள்ளை என்ற விசரி மேல்தான். அவளை இப்போது கண்டால் கன்னத்தைப் பொத்தி ஒன்று விடுவேன்.

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், சின்யோரா (எங்கள் 'அம்மா'போல ஒரு மரியாதைச் சொல்) எலென் வீட்டில் நான் வேலை செய்கிறேன். சமையல், துப்புரவு, மருந்து எடுத்துக் கொடுப்பது, ஏச்சு வாங்குவது. சின்யோரா பிறந்தது அமெரிக்காவில். இளம் வயதில் ஒரு பலேர்மோ டொக்டரைக் கட்டி இங்கே வந்தவ. டொக்டர் போய்ச் சேர்ந்தபிறகு தனியாக இருக்கிறா. ஐம்பது வருடமாக இத்தாலியன் கதைக்கிறா, ஆனால் கோபம் வந்தால் இங்கிலிஷ்தான். (எனக்குக் கோபம் வந்தால் தமிழ். ஆளுக்காள் விளங்காதபடியால் எங்கள் சண்டைகளில் இதுவரை பெரிய சேதம் இல்லை.) அவ இத்தாலியனில் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் தருகிறேன்.

ஒரு நாள் தபாலில் அமெரிக்காவிலிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. சின்யோரா அதை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தா. ஏதோ இரத்தப் பரிசோதனை முடிவாக்கும் என்று நினைத்தேன்.

"என்ன சின்யோரா, கூடாத செய்தியோ?"

"இல்லை. வோட்டு. எங்கடை மாநிலத்திலை சட்டமா அதிபர் தேர்தல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் நாட்டிலும் சட்டமா அதிபர் இருக்கிறார். அவர் யாராக இருக்கவேண்டும் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. பேப்பரில் பேர் வந்தால் வாசிப்போம், அவ்வளவுதான்.

"சட்டமா அதிபரைச் சனமே வோட்டுப் போட்டு எடுக்கிறதோ? பேந்து ஆர் மேலை வழக்குப் போடவேணும் எண்டு சனமெல்லே சொல்லும்?"

"அதுக்குத்தானே வோட்டு," என்றா சின்யோரா. சிரிக்கவில்லை. சுவரில் இருந்த தம்பியின் படத்தைக் காட்டினா.

தம்பி டானியின் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மாநிலத்தில் ஒரு ஆற்றங்கரை ஊரில் இருந்தவர். அங்கிருந்த தொழிற்சாலை தன் நஞ்சுக் கழிவை ஆற்றில் விட, கிணறுகள் கெட்டுப்போக, அந்தத் தெருவில் வீட்டுக்கொருவராகச் செத்தார்கள். டானியும் செத்தார். மாநிலம் கம்பனி மேல் வழக்குப் போட்டிருந்தது. அப்போதிருந்த சட்டமா அதிபர், கம்பனியோடு பேசித் தீர்த்து வழக்கை மூடுவோம் என்றார். அவரை எதிர்த்து நின்ற பெண், மூடவிடமாட்டேன், கம்பனியைக் கூண்டில் ஏற்றுவேன் என்றா.

"டானியின்ரை செத்தவீட்டுக்கு நான் போகேல்லை, ரஞ்சி. எனக்கு இடுப்பு ஒப்பரேஷன். அவனுக்கு எண்டு நான் இனிச் செய்யக்கூடியது இந்த ஒரு கடதாசிதான்."

வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டு, உள்கவரில் வைத்து, அவவே ஒட்டினா. அது ஒரு வெளிக்கவருக்குள் போகவேண்டும். வெளிக்கவரில் சின்யோராவின் கையெழுத்து, அதற்குக் கீழே ஒரு சாட்சியின் கையெழுத்து.

"இதிலை உம்மடை பேரை முழுசா எழுதும்," என்றா.

நான் பேனையை எடுத்தேன். இந்த நகரத்தில் அதுவரை நான் வைத்த கையெழுத்தெல்லாம் கெஞ்சி வைத்த கையெழுத்து. இருக்க அனுமதி தாருங்கோ, வீடு தாருங்கோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தாருங்கோ. இத்தாலியில் எனக்கு வோட்டு இல்லை. ஊரில் வோட்டு வயது வந்தபோது நாங்கள் பாயும் பானையுமாக இடம்பெயர்ந்து திரிந்தோம். முதல்முறையாக ஒரு வோட்டில் என் பேர். சாட்சியென்றால் என்ன, பேர் பேர்தானே. கோடு முடிந்து ஓரம் வரைக்கும் முழுப்பேரையும் எழுதினேன்.

"கூரியர் கடையிலை என்ரை பாஸ்போட்டைப் பிரதி எடுத்து, அதையும் உள்ளுக்கை வைச்சு ஒட்டி அனுப்பும்," என்று வெளிக்கவரை ஒட்டாமல் தந்தா.

நான் போனபோது ஒன்றரை மணி. கடை பூட்டியிருந்தது. இந்த ஊரில் மத்தியானம் மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நாலு மணி வரை நான் ஒரு பேக்கரியில் கோப்பி குடித்துக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். இருந்தேனா? நாளைக் காலமை அனுப்புவோம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டில் எந்தக் கடதாசியும் நேராக வெளியே போகாது. பிரிஜ்ஜுக்கு மேல் இருக்கிற பிள்ளையாரிடம் போய்த்தான் போகும். நாலு மூலைக்கும் மஞ்சள், உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு. பெர்மெஸ்ஸோ என்கிற தங்குமிட அனுமதிக்கு எழுதிப்போட்டது, கணவரின் வேலை ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம், எல்லாம் அப்படித்தான் போனது. ஒன்றாவது தவறியதில்லை. (ஒருமுறை பெர்மெஸ்ஸோ கவுண்டரில் இருந்த பெண் கடதாசியின் மூலையை மணந்து பார்த்துவிட்டு, "சின்யோரா, இது கறியோ?" என்று கேட்டவ. புத்தியுள்ளவள் அதை எச்சரிக்கையாக எடுத்திருப்பாள். நான் "ஓம், ஒருநாளைக்குச் சாப்பிட வாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.)

உள்கவரின் நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். பிறகு வெளிக்கவரைத் திறந்து, டானியை நினைத்து, திருநீற்றை எடுத்தேன். மகள் அபிக்கு அப்போது பதினாறு வயது. குசினி மேசையில் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டாள்.

"அம்மா, மா கே ஃபாய்! என்ன செய்யிறியள்! அது ஆரின்ரையோ வோட்டம்மா! அதுக்குள்ளை ஒண்டும் போடக்கூடாது!"

"வாயைப் பொத்து. உன்ரை பள்ளிக்கூட போமுக்கும் இதுதான் செய்தனான். இடம் கிடைச்சதோ இல்லையோ?"

"அது என்ரை மார்க்ஸுக்குக் கிடைச்சது!"

"மார்க்ஸ் ஆர் தந்தது?"

இதற்குள் என் கணவர் குகன் வந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக்கடையில் கணவாய் துப்புரவாக்குகிற வேலை. ஆள் வரமுதல் மணம் வரும். தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு போட்டனீர்?" என்று கேட்டார்.

"ஒரு சிட்டிகை."

"அமெரிக்காவெல்லே? தூரம். இன்னும் கொஞ்சம் போடும்."

(இதை இந்த மனிசன் இன்றுவரை மறுக்கிறார். தான் அப்போது குளித்துக்கொண்டிருந்தாராம். என் காதால் கேட்டேன், பிள்ளையார் சாட்சி.)

இன்னும் இரண்டு சிட்டிகை போட்டேன். அடுத்த நாள் பாஸ்போட் பிரதியையும் வைத்து, ஒட்டி, அனுப்பிவிட்டு, பெரிய காரியம் ஒன்று முடித்தவள்போல வேலைக்குப் போனேன்.

ஒரு கிழமை கழித்து, நான் சின்யோராவின் திரைச்சீலைகளை அயன்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் இரண்டு ஆண்கள், சிவில் உடுப்பு, கையில் பொலிஸ் அடையாள அட்டை. ஒருவர் தொந்தியும் நரை மீசையும். மற்றவர் இளவட்டம், சப்பாத்து பளபளவென்று.

"இந்த வீட்டிலையிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கவர் போயிருக்கு," என்றார் மீசைக்காரர் சின்யோராவிடம். "தேர்தல் அலுவலகத்திலை அதைத் திறந்த பெண்ணின்ரை மடியிலை வெள்ளைத் தூள் கொட்டுண்டிருக்கு. முழுக் கட்டடத்தையும் வெறுமையாக்கி, எல்லாரையும் மழைக்குள்ளை நிப்பாட்டி, முகமூடி உடுப்போடை ஆக்கள் வந்திருக்கினம். அங்கையிருந்து எங்களுக்குச் செய்தி. உங்களுக்குத் தேர்தல் அதிகாரியோடை ஏதும் கோபமோ?"

"எனக்கு அங்கை சட்டமா அதிபரோடைதான் கோபம்," என்றா சின்யோரா. (இப்படி ஒரு பதிலை பொலிஸுக்குச் சொல்லலாமோ? அவவும் என்னைப்போலத்தான்.) "வெள்ளைத் தூளோ? நான் வைச்சது ஒரு வாக்குச்சீட்டு."

இளவட்டம் ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். "சாட்சி எண்டு ஒரு பேர் கிடக்கு. ரன்ஜி... ரன்ஜிதா... மாலா..." இடையில் மூச்செடுத்தார். "கனா... கனபா... மடோன்னா!"

"நான்தான்," என்றேன், அந்தப் பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்க ஏலாமல்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாம். அழுதுகூட இருக்கலாம். நான் என்ன செய்தேன்? "உதுக்கோ இவ்வளவு கரைச்சல்? இந்தாங்கோ!" என்று என் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

இளவட்டம் ஒரே பாய்ச்சலில் பின்னால் போய்க் கண்ணாடி அலுமாரியில் முட்டினார். அதற்கு மேல் நின்ற பீங்கான் சேவல், டொக்டர் கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது, விழுந்து சுக்குநூறானது.

"அசையாதையுங்கோ! கீழை வையுங்கோ!"

"ஐயோ, இது சாமிப் பொருளப்பா! கீழை வைக்க ஏலாது!"

பயமில்லை என்று காட்டவேண்டுமே. மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசினேன். மிச்சத்தை, ஊரில் எல்லோரும் செய்வதுபோல, வாயில் போட்டேன். மீசைக்காரர் உடனே அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்.

"என்ன தின்னுறியள்? என்ன அது?"

"சாம்பல்."

"ஆரின்ரை சாம்பல்?" என்று இளவட்டம் மெல்லக் கேட்டார்.

"ஒருத்தரின்ரையும் இல்லை! மாட்டின்ரை."

"மாட்டை எரிச்சனீங்களோ?"

"மாட்டை இல்லை, மாட்டின்ரை..." சாணத்துக்கு இத்தாலியனில் மரியாதையான சொல் ஒன்று இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்தது அபி பள்ளிக்கூடத்தில் சொல்லி ஏச்சு வாங்கிய சொல் ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

சின்யோரா கதிரையிலிருந்து மெதுவாகத் திரும்பினா. முகம் வெளிறிப் போயிருந்தது.

"ரஞ்சி. என்ரை வோட்டுக்குள்ளை மாட்டுச் சாணியை வைச்சனீரோ?"

"சுட்ட சாணி, சின்யோரா. நல்ல சுத்தம்."

பிறகு அரை மணித்தியாலம் இங்கிலிஷ். நானும் விடவில்லை, தமிழில் பதில் சொன்னேன். அம்புலன்ஸ் வந்தது. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை, சின்யோராவின் பிரஷரைத்தான் எடுத்தார்கள். மீசைக்காரர் அறிக்கை எழுதி, பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, போகிற நேரத்தில் என் நெற்றியைப் பார்த்துச் சொன்னார்: "என்ரை கட்டடத்திலையும் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கு. அவையளும் இப்பிடித்தான் பூசுறவை. நான் வந்தவுடனேயே இதாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."

நினைச்சனீரெண்டால் வந்தவுடனேயே சொல்லியிருக்கலாமே, அறுந்த மனிசா! சேவலாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்த நாள் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்தது. தூள் ஆபத்தில்லாதது. ஆனால் கவரும் உள்ளே இருந்ததும் விசாரணையில் மாட்டிக்கொண்டதால் அந்த வோட்டு எண்ணப்படாது. புதிய சீட்டை அச்செடுத்து நிரப்பி அனுப்பலாம். தேர்தலன்று மாலைக்குள் கையில் கிடைக்கவேண்டும். ஐந்து நாள் இருந்தது.

சின்யோரா சீட்டைத் தானே அச்செடுத்தா, தானே நிரப்பினா, தானே ஒட்டினா. நான் அறைக்குள் வரக்கூடாது. கவரை மீன் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிப் பூட்டி, தடியை எடுத்துக்கொண்டு, கூரியர் கடைக்குத் தானே புறப்பட்டுவிட்டா. லிஃப்ட் இரண்டு கிழமையாகப் பழுது. மூன்று மாடி. அந்த இடுப்போடு.

"சின்யோரா, கையைப் பிடிக்கிறன்."

"தொடவேண்டாம். கை கழுவினீரோ?"

"மூண்டு தரம் கழுவினனான்!"

"ரெண்டு படி பின்னாலை வாரும். கையைப் பின்னுக்குக் கட்டும்."

கள்ளியைக் கொண்டுபோவதுபோல என்னைக் கொண்டுபோனா. சாட்சிக் கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. அதற்காகக் கீழ் வீட்டு மனிதரின் கதவைத் தட்டினா. பொலிஸ் வந்துபோனது கட்டடம் முழுக்கத் தெரியும். அந்த மனிதர் கவரைக் கண்டதும், "மன்னிக்கவேணும் சின்யோரா, கண்ணாடியைக் காணேல்லை, எழுத ஏலாது," என்று கதவைச் சாத்திவிட்டார். கண்ணாடி அவருடைய தலையில்தான் இருந்தது.

சின்யோரா அந்தப் படியிலேயே குந்திவிட்டா. மூச்சு வாங்கியது. பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், இத்தாலியனிலேயே கேட்டா.

"ஏன் செய்தனீர், ரஞ்சி? நான் உமக்கு என்ன செய்தனான்? எனக்கு இருந்தது ஒரு தம்பி. அவனுக்கெண்டு ஒரு வோட்டு."

அதுவரை நான் வெட்கத்தில் நின்றவள். அந்தக் கேள்வியோடு எனக்குப் பேய்க்கோபம் வந்துவிட்டது.

"கெடுக்கவோ செய்தனான்? இருவது வருஷம் இந்த ஊரிலை இருக்கிறன். ஆர் மேயர், ஆர் மந்திரி எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. ஊரிலையும் கேட்டதில்லை. முதல் முதல் என்ரை பேரை ஒரு வோட்டிலை எழுதச் சொன்னது நீங்கள். அது பத்திரமாய்ப் போய்ச் சேரவேணும் எண்டு, என்ரை பிள்ளையின்ரை கடதாசிக்கு என்ன செய்வனோ அதையே செய்தனான். உங்கடை தம்பியின்ரை பேரைச் சொல்லித்தான் போட்டனான். எனக்குத் தெரிஞ்ச பெரிய காவல் அது. அதுக்கு மேலை என்னட்டை ஒண்டும் இல்லை!"

கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கண்ணாடிக்காரரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பார். கேட்கட்டும்.

சின்யோரா என்னைவிட உரத்துக் கத்தினா. "காவல் எண்டால் உம்மடை நெத்தியிலை பூசும்! பேப்பரிலை பூசாதையும்! நெத்தியிலை!" கத்திவிட்டு, பையைத் திறந்து, பேனையை என்னிடம் நீட்டினா. "எழுதும். கோட்டுக்குள்ளை எழுதும்."

எழுதினேன். மிச்சப் படிகளை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினா. தோளை மட்டும். கையைத் தரவில்லை.

இந்தமுறை நான் பேப்பரைத் தொடவில்லை. பதிலுக்கு, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி, கவர் நேரத்துக்குப் போகவேண்டும் என்று நேர்த்தி வைத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறுகிற மலைதான். அடுத்த நாள் விமான நிலையத்தில் வேலைநிறுத்தம். கவர் தேர்தல் முடிந்த மறுநாள் காலை போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் பிள்ளையாருக்கு நான் விளக்கு வைக்கவில்லை. சாந்தா ரொசாலியாவோடும் ஒரு மாதம் கதைக்கவில்லை. இத்தாலிக்காரியென்றால் வேலைநிறுத்தம் எப்போதென்று முதலே தெரிந்திருக்கவேண்டாமோ?

தேர்தலில் சின்யோரா வோட்டுப் போட்ட அந்தப் பெண்தான் வென்றா. நல்ல வித்தியாசத்தில். குகன் துள்ளிக் குதித்தார். "பாத்தீரே, அந்த ஒரு வோட்டு இல்லாமலே வெண்டிட்டா! போய்ச் சொல்லும், சின்யோரா சந்தோசப்படுவா." விசர் மனிசன். அந்தப் பேச்சைக் கேட்டு நானும் போய் அப்படியே சொன்னேன்.

"ஓம்," என்றா சின்யோரா. "நான் இல்லாமல் வெண்டிட்டினம்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு சொல் எண்ணித்தான் பேச்சு. உப்பு. மருந்து. கதவு. வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். டானியின் படத்துக்குத் தூசி தட்டுகிற வேலையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டா. அதுதான் எனக்குச் சுட்டது.

இரண்டு வருடத்தில் எனக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. (அந்த விண்ணப்பத்தில் மஞ்சள் இல்லை. அபி கவரை ஒட்டும்வரை என் இரண்டு கையையும் குகன் பிடித்துக்கொண்டிருந்தார்.) மாநகரசபைத் தேர்தல் வந்தது. எனக்கும் சின்யோராவுக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே அறை. டக்ஸியில் சேர்ந்து போனோம். வாசலில் நிறுத்தி என் கையைத் திருப்பிப் பார்த்தா, நெற்றியைப் பார்த்தா, "சரி, போம்," என்றா.

மறைப்புக்குள் போனேன். கையில் பென்சில். வாழ்க்கையில் முதல் வோட்டு, என் வோட்டு. அந்தப் பெருமையில் வேறொன்றும் நினைவில்லை. குனிந்து பார்க்கிறேன், சீட்டின் மேலே நடுவில் வடிவாக ஒரு பிள்ளையார் சுழி கிடக்கிறது! முதலாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு சோதனைப் பேப்பரிலும் போட்ட கை. என்னைக் கேட்காமல் போட்டுவிட்டது. வேறு அடையாளம் இருந்தால் சீட்டுச் செல்லாது என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது.

சீட்டோடு வெளியே வந்து, பிழை விட்டுவிட்டேன், வேறு சீட்டுத் தாருங்கோ என்று கேட்டேன். மேசையில் இருந்த தலைமை அதிகாரி முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் ஏலாது சின்யோரா, கவனமாப் போட்டிருக்கவேணும்."

டொக் டொக் என்று தடிச்சத்தம் கேட்டது. சின்யோரா என் பின்னால் வந்து, மேசையில் தடியால் ஒரு போடு போட்டா.

"ஏலும்! சட்டத்திலை இருக்கு, எடுத்து வாசியும்! வோட்டு ஒண்டு கெட்டுப்போனால் என்னெண்டு உமக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியும்! இவ இருவத்திரண்டு வருஷம் காத்திருந்தவ. குடும் பேப்பரை!"

வரிசையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, வியர்த்து, மற்றச் சீட்டைத் தந்தார். நான் பென்சிலை இறுக்கிப் பிடித்து, புள்ளடியை மட்டும் போட்டுவிட்டு வந்தேன். டக்ஸியில் வரும்போது சின்யோரா சொன்னா: "டானியின்ரை வோட்டை நீர் கெடுத்ததை நான் மன்னிக்கேல்லை."

"தெரியும், சின்யோரா."

வீட்டில் அபிக்கு இது போதாதா? "அம்மா ரெண்டு கண்டத்திலை ரெண்டு வோட்டைக் கெடுத்தவ" என்று தன் பல்கலைக்கழகச் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். குகன் அதைவிட மோசம். மின்சாரக் கட்டணமோ, காப்புறுதியோ, வீட்டுக்குள் எந்தக் கடதாசி வந்தாலும் பிரிஜ்ஜில் சாய்ந்து நின்று, "நெத்தியிலையோ, பேப்பரிலையோ?" என்று கேட்பார். கையில் அகப்பை இருந்தால் எறிவேன். இன்னும் ஒன்றும் படவில்லை.

போன கிழமை சின்யோரா வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து மறுபடி அந்தத் தடித்த கவர் வந்தது. நாலு வருடம் முடிந்து அந்தப் பெண் திரும்பவும் கேட்கிறா. கம்பனி வழக்கு இன்னும் முடியவில்லை. எதிர்த்து நிற்கிறவர் மூடுவேன் என்கிறார்.

சின்யோராவுக்கு இப்போது எண்பத்திமூன்று வயது. புள்ளடி போட்டு, ஒட்டி, கவரை மேசையின் அந்தக் கரையில் தள்ளி வைத்தா.

"கையைக் கழுவிக்கொண்டு வாரும்."

கழுவினேன். துடைத்தேன். சாட்சி இடத்தில் கோட்டுக்குள் என் பேரை எழுதி, பேனையை வைத்துவிட்டு, சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சின்யோரா கவரை எடுக்கவில்லை. என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அந்தத் தூள் இருக்கோ?"

"இருக்கு. ஆனால் சத்தியமா நான்..."

"பேப்பரிலை இல்லை!" என்று பழைய சத்தத்தில் கத்தினா. கத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, டானியின் படத்துக்கு முன்னால் தலையை என் பக்கம் குனிந்தா. "இஞ்சை. கெதியாப் பூசும். கூரியர்காரன் ஒண்டரைக்குப் பூட்டிப் போடுவான்."

பூசினேன். மூக்கிலும் கொஞ்சம் கொட்டியது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொல்ல வாயெடுக்கமுதலே குகன் பிரிஜ்ஜில் சாய்ந்துவிட்டார். "அமெரிக்கக் கவர் வந்ததாமே? நெத்தியிலையோ, பேப்பரிலையோ?"

"நெத்தியிலை," என்றேன்.

"ஆரின்ரை நெத்தியிலை?"

சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னதை ஒத்துக்கொள்ளும்வரை இந்த மனிசனுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.